வேட்பாளரின் ஊடகப் பொறுப்பாளருக்கு: மனுத்தாக்கலுக்கு முன்பிருந்து கணக்கு ஒப்படைப்பு வரை

சட்டமன்றத் தொகுதி ஒன்றில் வேட்பாளரின் ஊடக வேலை உங்கள் தலையில் வந்திருந்தால் இது உங்களுக்காக எழுதியது. எந்தக் கட்சி என்பது இங்கே பொருட்டில்லை. சுயேச்சைக்கும் இதே வரிசைதான். பெரும்பாலான இடங்களில் இந்தப் பொறுப்பை, போனை நன்றாகக் கையாளத் தெரிந்த ஓர் இளைஞரிடமோ வேட்பாளரின் மைத்துனரிடமோ கடைசி நேரத்தில் கொடுக்கிறார்கள். அவர் முதல் நாளே படம் எடுத்து எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் தள்ளத் தொடங்குகிறார். வரிசை அங்கேயே தவறிவிடுகிறது.

வெளியே போகும் செய்தியைப் பற்றி யோசிப்பதற்கு முன், உங்களைப் பற்றி உள்ளே வரப்போகும் செய்தியை யோசிக்க வேண்டும். ஒரு வேட்பாளரைச் செய்தி நேரடியாகக் கவிழ்ப்பதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். செய்தி வந்த பிறகு வேட்பாளர் தரப்பு தடுமாறுவதும், விளக்கம் சொல்லிச் சொல்லி அதை நான்கு நாள் ஓட வைப்பதும்தான் கவிழ்க்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் தயாரிப்புக்குத்தான் அதிக இடம்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

வேட்பாளர் இதற்கு முன் போட்டியிட்டிருந்தால் அப்போது கொடுத்த பிரமாணப் பத்திரம், இப்போது கொடுக்கப்போவதின் வரைவு. ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு. நல்ல வெளிச்சத்தில் எடுத்த நான்கைந்து படங்கள், அவற்றில் ஒன்றாவது கட்சித் துண்டும் மாலையும் இல்லாமல். தேர்தல் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலின் எண், இரவிலும் எடுக்கக்கூடியவராக இருக்க வேண்டும். ஊடகத்துக்கு மட்டும் என்று ஒரு தனி போன் எண்.

ஆட்கள் மூன்று பேர் போதும். செய்தி எழுதி அனுப்ப ஒருவர், வருவதைக் கண்காணிக்க ஒருவர், பில்லையும் ரசீதையும் பார்க்க ஒருவர். மூன்றையும் ஒரே ஆள் பார்த்தால் கண்காணிப்புதான் முதலில் நின்றுபோகும். எழுதுவது கண்ணுக்குத் தெரியும் வேலை, கண்காணிப்பது தெரியாத வேலை என்பதுதான் காரணம்.

வேட்பாளர் சார்பில் பேசும் அதிகாரம் யாருக்கு என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வேட்பாளர், அவருக்கு அடுத்து ஒரே ஒருவர். ஒன்றியச் செயலாளர், நகரச் செயலாளர், மகன், மருமகன் என்று ஆளுக்கொரு மைக்கில் பேசினால், அந்தப் பதில்கள் ஒன்றோடொன்று முரண்படுவதே தனிச் செய்தியாகிவிடும்.

2. பிரமாணப் பத்திரத்தை நிருபருக்கு முன்பே நீங்கள் படியுங்கள்

படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு, படிப்பு, வருமானம், சமூக ஊடகக் கணக்குகள் எல்லாம் இருக்கும். மனுத்தாக்கல் செய்தவுடன் அது தேர்தல் ஆணையத்தின் தளத்தில் ஏறிவிடும். அன்று மாலையே நிருபர்கள் அதைத் திறந்து, பழைய பத்திரத்தோடு ஒப்பிடுவார்கள். சொத்து எவ்வளவு கூடியது, மனைவி பெயரில் என்ன இருக்கிறது, கார் யாருடையது. பல வேட்பாளர்களைப் பற்றி வரும் முதல் பெரிய செய்தியே இதுதான்.

ஆகவே மனுத்தாக்கலுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பு, வக்கீலையும் ஆடிட்டரையும் வேட்பாளரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். இரண்டு பத்திரங்களையும் வரிவரியாக ஒப்பிடுங்கள். சங்கடமான ஒவ்வொரு வரிக்கும் உண்மையான விளக்கத்தை இரண்டு வாக்கியத்தில் எழுதி வையுங்கள். பூர்வீக நிலத்தின் வழிகாட்டி மதிப்பு உயர்ந்தது என்றால் அதைச் சர்வே எண்ணோடு சொல்லத் தெரிய வேண்டும். "எல்லாம் சட்டப்படிதான்" என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்குச் சந்தேகம்தான் வரும்.

இந்த உட்காரலை வேட்பாளர்கள் தள்ளிப்போடுவார்கள். வீட்டு விஷயம் வெளியே தெரிகிறதே என்ற கூச்சம் இருக்கும். விடாதீர்கள். உங்களிடம் சொல்லாத ஒன்று எதிர்த்தரப்பின் வக்கீலுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

நிலுவையில் வழக்கு இருந்தாலோ தண்டனை பெற்றிருந்தாலோ இன்னொரு கடமையும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2018-இல் அளித்த தீர்ப்பின்படி அந்த விவரங்களை வேட்பாளர் தாமே பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை வெளியிட வேண்டும். 2020-இல் ஆணையம் கால அட்டவணையும் கொடுத்தது: மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளிலிருந்து முதல் 4 நாட்களுக்குள் ஒன்று, 5 முதல் 8-ஆம் நாளுக்குள் ஒன்று, 9-ஆம் நாளிலிருந்து பிரசாரத்தின் கடைசி நாளுக்குள் ஒன்று. இதற்கான படிவம் சி-1. செலவு வேட்பாளருடையது.

புதியவர்கள் இங்கே இரண்டு தவறு செய்கிறார்கள். ஒன்று, மூன்றையும் கடைசிக்குத் தள்ளுவது. வாக்குப்பதிவுக்கு மிக அருகில், மக்கள் கூர்ந்து பார்க்கும் நேரத்தில், வழக்கு விவரம் திரும்பத் திரும்ப வரும். மற்றது, போராட்டத்தில் போட்ட மறியல் வழக்கையும் மோசடி வழக்கையும் ஒரே மாதிரி மௌனத்தோடு வெளியிடுவது. முதல் வெளியீடு வரும் நாளிலேயே எந்தப் போராட்டம், எதற்காக, எந்த ஆண்டு என்று செய்திக்குறிப்பு கொடுத்துவிடுங்கள். வாசகர் விளக்கத்தோடு சேர்த்தே வழக்கைக் கேள்விப்படட்டும்.

3. வேட்பாளருக்கு ஒரு வாக்கியம்

பேச்சு, பேட்டி, நோட்டீஸ், படக்குறிப்பு எல்லாவற்றிலும் திரும்ப வரும் ஒரே ஒரு வாக்கியம் வேண்டும். தொகுதியில் உள்ளவருக்கு மட்டும் முழுதாகப் புரிகிற வாக்கியமாக இருந்தால் இன்னும் நல்லது. "அரசு மருத்துவமனையில் இரவில் டாக்டர் இருக்க வைப்பேன்" என்பது அந்த வகை. "தொகுதியை முன்மாதிரியாக்குவேன்" என்பதை 234 தொகுதியிலும் யாரும் சொல்லலாம்.

செய்தி உங்கள் கையைவிட்டுப் போனதும் பத்திரிகை அலுவலகத்தின் எடிட்டிங் டெஸ்க்கில் வெட்டுவார்கள். இருபது வரி நான்கு வரியாகும். அந்த நான்கில் உங்கள் வாக்கியம் இல்லையென்றால் "இன்னார் வாக்கு சேகரித்தார்" என்பது மட்டும் மிஞ்சும். பெயர் அறிமுகமாகாத வேட்பாளருக்கு முதல் வாரம் அதுவும் பயன்தான். அதன் பிறகு இல்லை.

4. நிருபர்களின் பட்டியல்

சென்னையில் இருக்கும் பெரிய முகங்களைத் தேடிப் போகாதீர்கள். தொகுதிக்குள் தினத்தந்தி, தினமலர், தினகரன், தினமணி, இந்து தமிழ் திசை ஆகியவற்றுக்குச் செய்தி அனுப்பும் தாலுகா நிருபர்கள், மாவட்ட அளவில் டிவி நிருபர்கள், உள்ளூர் கேபிள் சேனல்காரர், ஊர்ப் பெயரில் யூடியூப் சேனலோ ஃபேஸ்புக் பக்கமோ நடத்துபவர் ஆகியோரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு விவரம் மட்டும் எழுதுங்கள்: செய்தி எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும். மாவட்டப் பதிப்பின் பக்கம் மாலையிலேயே மூட ஆரம்பித்துவிடும். இரவு ஒன்பது மணி தெருமுனைக் கூட்டத்தை பத்து மணிக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் வரவில்லையே என்று கோபப்படுவது வாடிக்கை. முக்கியமானதை மதியத்துக்குள் நடத்துங்கள்.

கட்சிச் சார்புள்ள சேனல்களைப் பற்றி ஒரு வார்த்தை. கலைஞர் செய்திகளிலோ நியூஸ் ஜெ-யிலோ உங்கள் வேட்பாளரை அரை மணி நேரம் காட்டினால், அதைப் பார்ப்பவர்களில் பெரும்பகுதி ஏற்கெனவே முடிவு செய்தவர்கள். தொண்டர்கள் உற்சாகமாக வேலை பார்ப்பார்கள், அந்த வகையில் நல்லது. புது ஓட்டு அங்கிருந்து வரும் என்று கணக்குப் போடாதீர்கள். எதிர்க்கட்சிச் சேனலின் உள்ளூர் நிருபரையும் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். உங்களைப் பற்றி அவர் ஒரு வரி எழுதும் நாளில், எழுதுவதற்கு முன் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கும் பழக்கம் இருந்தால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கவர் கொடுக்கும் பேச்சு வரும். நீங்கள் தொடங்கவே வேண்டாம். அடுத்தடுத்த வாரத்தில் தொகை ஏறும், கொடுக்காத நாளில் செய்தி திரும்பும், எதிர்த்தரப்பு இன்னும் தடித்த கவர் கொடுக்கும். நேர்மையாக எழுதுகிற நிருபர்கள் ஒவ்வொரு தாலுகாவிலும் இருக்கிறார்கள். குறைந்த ஊதியத்தில், சொந்த பைக்கில், சொந்தப் பெட்ரோலில் வேலை பார்ப்பவர்கள் அவர்கள். சரியான தகவலைச் சரியான நேரத்தில் கொடுப்பதே அவர்களுக்கு நீங்கள் செய்யும் மரியாதை.

5. செய்திக்குறிப்பு

முதல் வரியில் எங்கே, என்ன சொன்னார். இரண்டாவது வரியில் அதற்கான ஓர் எண்ணோ இடமோ. மூன்றாவதில் மக்கள் தரப்பில் யாராவது கேட்ட கேள்வி. கடைசியில், இடமிருந்தால், உடன் சென்றவர்கள்.

நான் பார்க்கும் பெரும்பாலான குறிப்புகள் தலைகீழாக இருக்கின்றன. மாவட்டச் செயலாளர் ஆணைக்கிணங்க என்று தொடங்கி, கிளைச் செயலாளர் வரை பெயர்களை அடுக்கி, கடைசியில் ஒரு வரியில் விஷயம் வரும். டெஸ்க்கில் கடைசி வரிதான் முதலில் வெட்டுப்படும். பெயர் விடுபட்டால் கட்சிக்காரர் கோபிப்பார் என்பது உண்மையான சிக்கல்தான். அதற்கு வழி, எல்லாப் பெயரும் உள்ள நீண்ட வடிவத்தைக் கட்சி குரூப்பில் போடுவது, பத்திரிகைக்கு வேறு வடிவம் அனுப்புவது.

படத்துக்குக் குறிப்பு எழுதி அனுப்புங்கள், ஊர்ப் பெயரைச் சரியாக எழுதுங்கள். பக்கத்து ஊரின் பெயர் அச்சானால் இரண்டு ஊரும் வருத்தப்படும்.

6. செய்தி எங்கே விளம்பரமாகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மெதுவாகப் படியுங்கள்.

தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 2022 ஜனவரியில் 40 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஊடகத்தில் நீங்கள் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் அந்தக் கணக்குக்குள் வர வேண்டும். கட்சி கொடுக்கும் பொதுவான விளம்பரம் கட்சிக் கணக்கு. அதில் உங்கள் வேட்பாளரின் பெயரோ படமோ இருந்தால் அது வேட்பாளர் கணக்குக்கு வரும். சமூக ஊடகத்தில் பணம் கட்டிப் போடும் விளம்பரம், அதற்கு வீடியோ எடுத்துக் கொடுத்தவர்களின் கூலி, அந்தக் கணக்குகளை நடத்துபவர்களின் சம்பளம் ஆகியவையும் அதே கணக்கில்தான்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு ஒன்று இயங்கும். எம்.சி.எம்.சி. என்பார்கள். தொலைக்காட்சி, கேபிள், வானொலி, இணையம், மின்னிதழ், மொத்தமாக அனுப்பும் எஸ்.எம்.எஸ்., குரல் செய்தி ஆகிய எல்லா அரசியல் விளம்பரங்களுக்கும் இந்தக் குழுவின் முன்சான்று வேண்டும். பதிவு பெற்ற கட்சியும் வேட்பாளரும் ஒளிபரப்புக்கு 3 நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். விளம்பரத்தின் மின்வடிவம் இரண்டு பிரதி, சான்றொப்பமிட்ட எழுத்து வடிவம், தயாரிப்புச் செலவு, ஒளிபரப்புச் செலவு எல்லாம் இணைக்க வேண்டும். அச்சு நாளிதழ் விளம்பரத்துக்கு வாக்குப்பதிவு நாளுக்கும் அதற்கு முந்தைய நாளுக்கும் மட்டும் இந்த முன்சான்று தேவை.

உள்ளூர் கேபிளில் கீழே ஓடும் வரி விளம்பரத்தை "அது சின்னதுதானே" என்று சான்றில்லாமல் போட்டு நோட்டீஸ் வாங்குபவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் இருக்கிறார்கள். அளவு கணக்கில்லை, விளம்பரமா என்பதுதான் கணக்கு.

அடுத்தது பெய்டு நியூஸ். பணமோ பொருளோ கொடுத்து, விளம்பரம் என்ற குறிப்பு இல்லாமல் செய்தி வடிவில் வெளியிடுவது. ஒரே கட்டுரை, ஒரே தலைப்பு, ஒரே நாளில் இரண்டு மூன்று பத்திரிகைகளில் வேறு வேறு நிருபர் பெயரில் வந்தால் குழுவின் கண் அங்கே நிற்கும். "எல்லாச் சமூகத்தினரும் இவர் பக்கம், வெற்றி உறுதி" என்ற செய்தியும் அப்படித்தான். சந்தேகம் வந்தால், வெளியான 96 மணி நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் நோட்டீஸ் அனுப்புவார். நீங்கள் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் குழு சொல்வதே முடிவு. அரசு விளம்பரக் கட்டண விகிதத்தில் கணக்கிட்டு உங்கள் செலவில் சேர்த்துவிடுவார்கள். குழுவின் முடிவு தவறென்றால் அடுத்த 48 மணி நேரத்துக்குள் மாநிலக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம்.

தொகை சிறிதுதானே என்று எண்ண வேண்டாம். உத்தரப்பிரதேசத்தின் பிசவுலி தொகுதியில் 2007-இல் வென்ற உம்லேஷ் யாதவ், செய்தி போல வந்த விளம்பரத்தின் செலவைக் கணக்கில் காட்டாததால் 2011-இல் தேர்தல் ஆணையத்தால் 3 ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். விடுபட்ட தொகை சில ஆயிரம் ரூபாய்தான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவு, கணக்கைச் சரியாகத் தராதவரைப் பற்றிப் பேசுகிறது. அவர் வென்றாரா தோற்றாரா என்பதை அது பார்ப்பதில்லை.

நோட்டீஸ், போஸ்டர் அடிக்கும்போது 127ஏ பிரிவை மறக்காதீர்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும்.

இன்னொரு வகை விளம்பரம் சட்டத்தைவிட நம்பிக்கையை அதிகம் கெடுக்கும்: செய்தித் தலைப்பு போலவே முதல் பக்கத்தை வடிவமைப்பது. அசாமில் 2021-இல் முதற்கட்ட வாக்குப்பதிவின் மறுநாள், அந்தக் கட்டத்தின் 47 இடங்களையும் பாஜக வெல்லும் என்று தலைப்புச் செய்தி வடிவில் பல நாளிதழ்களில் விளம்பரம் வந்தது. புகார் ஆணையம் வரை போனது. வாக்காளரை ஏமாற்றி வாங்கிய கவனத்தால் நல்ல பெயர் வராது. அப்படி யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள்.

7. பிரஸ் மீட்டும் வழியில் நீட்டும் மைக்கும்

பிரஸ் மீட்டை விஷயம் இருந்தால் மட்டும் கூட்டுங்கள். இருபது நிமிடம் போதும். வேட்பாளருக்கு வரக்கூடிய மோசமான பத்துக் கேள்விகளை முந்தைய நாள் இரவே நீங்கள் கேட்டுப் பாருங்கள், கடுமையாகவே கேளுங்கள். வீட்டில் கோபம் வந்தால் பரவாயில்லை.

திட்டமிட்ட பிரஸ் மீட்டில் வேட்பாளர்கள் பெரும்பாலும் சமாளித்துவிடுவார்கள். சறுக்குவது வண்டியில் ஏறும்போது கொடுக்கும் பைட்டில், அந்த ஓரிரு வரிப் பதிலில்தான். வெயில், தொண்டை கட்டியிருக்கும், ஐந்து மைக் நெருக்கும், பின்னாலிருந்து ஒருவர் கோஷம் போடுவார். அந்த நேரத்துக்கு ஒரே விதி வையுங்கள்: அன்றைய வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, "மற்றதுக்கு சாயங்காலம் ஆபீஸ்ல உக்காந்து பேசலாம்ணே" என்று சொல்லி நகர்வது. சொன்னபடி மாலையில் உட்கார வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

எதிராளியின் குடும்பம், சாதி, உடல், பிறப்பு ஆகியவற்றைப் பற்றி உவமையாகக்கூடப் பேச வேண்டாம் என்று வேட்பாளரிடமும் அவருக்காகப் பேச வரும் பேச்சாளரிடமும் எழுதிக் கொடுங்கள். கூட்டத்தில் கைதட்டல் கிடைக்கும் வரிதான் வெட்டியெடுத்துப் பரவும்.

8. தினமும் கண்காணிப்பு

காலை ஆறரைக்கு நாளிதழ்கள், மதியம் டிவியும் யூடியூபும், இரவு வாட்ஸ்அப். ஒரு நோட்டில் மூன்று பத்தி: என்ன வந்தது, உண்மையா, தொகுதியில் யார் பேசுகிறார்கள். மூன்றாவது பத்திக்கு விடை டீக்கடையிலும் பூத் கமிட்டியினரிடமும் கிடைக்கும். மாலையில் பத்து பூத் பொறுப்பாளர்களுக்குப் போன் போட்டு, "இன்னிக்கு நம்மளப் பத்தி என்ன பேச்சு?" என்று மட்டும் கேளுங்கள். நீங்களாக விஷயத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அவர்களும் அதையே திருப்பிச் சொல்வார்கள்.

பார்வை எண்ணிக்கையைப் பார்த்து மகிழவோ பதறவோ வேண்டாம். லட்சம் பேர் பார்த்த வீடியோவில் உங்கள் தொகுதி வாக்காளர் எத்தனை பேர் என்பது அந்த எண்ணில் இல்லை.

9. கெட்ட செய்தி வந்த பிறகு

இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில், உண்மையா? வேட்பாளரிடம் நேரில், தனியாகக் கேளுங்கள். பத்துப் பேர் நடுவில் கேட்டால் மறுப்பார், அந்த மறுப்பை வைத்து நீங்கள் அறிக்கை விட்டுவிடுவீர்கள்.

இரண்டாவது, தொகுதிக்குள் பேசப்படுகிறதா? இல்லையென்றால் பெரும்பாலும் பதில் சொல்லாமலிருப்பதே சரி. கேள்விப்படாதவருக்கு உங்கள் மறுப்புதான் அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். டிவியில் நாள் முழுக்க ஓடுவதெல்லாம் ஓட்டைத் தொடும் என்றில்லை. 2011-இல் விஜயகாந்த் பிரசார வேனில் தம் தருமபுரி வேட்பாளரை அடிப்பது போன்ற காட்சி சேனல்களில் திரும்பத் திரும்ப ஓடியது. அந்த வேட்பாளர் வென்றார், தேமுதிக 29 இடங்களைப் பெற்றது. மின்வெட்டும் 2ஜி வழக்கும் கூட்டணிக் கணக்கும் முடிவைத் தீர்மானித்த தேர்தலில் அந்தக் காட்சிக்கு இடமில்லாமல் போனது.

மூன்றாவது, தவறு நம்முடையது என்றால் அன்றே வருத்தம் தெரிவியுங்கள், ஒரே முறை, முழுதாக. 2021 மார்ச் இறுதியில் திமுகவின் ஆ. ராசா, அன்றைய முதல்வர் பழனிசாமியின் அரசியல் வளர்ச்சியைப் பிறப்போடு ஒப்பிட்டுப் பிரசாரத்தில் பேசிய வரிகள் வெட்டிப் பரவின. முதலில் தம் பேச்சு திரிக்கப்பட்டது என்று விளக்கினார். முதல்வர் திருவொற்றியூர் கூட்டத்தில் தம் தாயாரைக் குறிப்பிட்டுக் கண்கலங்கினார், அதுவே அன்றைய செய்தியானது. அதன் பிறகுதான் மன்னிப்பு வந்தது. ஏப்ரல் 1-ஆம் தேதி ஆணையம் அவரை நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலிலிருந்து நீக்கி, 48 மணி நேரம் பிரசாரத்துக்குத் தடை விதித்தது. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. திமுக அந்தத் தேர்தலில் வென்றது என்றாலும், கடைசிப் பத்து நாளில் பாதி வேறொருவரின் கண்ணீரைச் சுற்றியே போனது. விளக்கம், கண்டனம், மன்னிப்பு, நோட்டீஸ், தடை என்று ஒவ்வொரு கட்டமும் அதே வரிகளை மறுபடி ஒலிக்க வைத்தது. நாற்பதாயிரம் ஓட்டு வித்தியாசம் இருக்கும் தொகுதியில் இது தாங்கும், நானூறு ஓட்டில் நிற்கும் வேட்பாளருக்குத் தாங்காது.

நான்காவது, எங்கே வந்ததோ அங்கேயே பதில். நாளிதழில் வந்த தவறுக்கு அந்த நிருபரிடமும் ஆசிரியர் பிரிவிடமும் ஆதாரத்தோடு திருத்தம் கேளுங்கள். ஃபேஸ்புக்கில் நிருபரைத் திட்டுவதால் திருத்தம் வராது. தொண்டர்கள் நிருபரின் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. நிருபரைத் தள்ளிய காட்சி, அவர் எழுதிய செய்தியைவிட நூறு மடங்கு கெடுதல் செய்யும், அது நியாயமும் இல்லை.

10. பொய்ச் செய்தியும் போலி வீடியோவும்

இதற்கு வேறு வழி. மௌனம் இங்கே உதவாது, ஆனால் பொய்யை அப்படியே பகிர்ந்து "இது பொய்" என்று எழுதுவதும் தவறு. முதலில் ஸ்கிரீன்ஷாட், இணைப்பு, நேரம் ஆகியவற்றைச் சேமியுங்கள். அழித்துவிட்டால் பிறகு நிரூபிக்க முடியாது. வேட்பாளரின் உண்மையான பேச்சின் முழுப் பதிவு உங்களிடம் இருக்க வேண்டும், ஆகவே ஒவ்வொரு கூட்டத்தையும் தொடக்கம் முதல் முடிவு வரை நீங்களே பதிவு செய்யுங்கள். வெட்டிய பத்து வினாடிக்கு எதிராக முழு இருபது நிமிடத்தைக் காட்டுவதைவிட வலுவான பதில் கிடையாது.

பிறகு புகார்: தேர்தல் நடத்தும் அலுவலர், எம்.சி.எம்.சி., சைபர் கிரைம் மூன்று இடத்திலும் எழுத்தில். வேட்பாளரின் நடத்தை பற்றித் தெரிந்தே பொய் வெளியிடுவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4) பிரிவில் ஊழல் நடவடிக்கையாக வரையறுக்கப்பட்டுள்ளது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 175-ஆவது பிரிவும் பொருந்தும். கட்சிகளின் கணக்குகளில் போலி உள்ளடக்கம் இருப்பது கவனத்துக்கு வந்தால் 3 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் ஆணையம் உத்தரவிட்டது. உங்கள் தரப்பு குரூப்பில் எதிராளியைப் பற்றிப் போலி வீடியோ ஓடினாலும் இதே விதிதான். முதல் ஆளாக நீங்கள் நீக்குங்கள்.

11. கடைசி 48 மணி நேரம்

வாக்குப்பதிவு முடியும் நேரத்திலிருந்து பின்னோக்கி 48 மணி நேரத்தை எண்ணுங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 மாலை 6 மணிக்கு வாக்குப்பதிவு முடிவு என்பதால், ஏப்ரல் 17 மாலை 6 மணிக்குப் பிரசாரம் ஓய்ந்தது. 126-ஆவது பிரிவின்படி அதன் பிறகு பொதுக்கூட்டம், ஊர்வலம் கிடையாது. தொலைக்காட்சி போன்றவற்றில் தேர்தல் தொடர்பானதைக் காட்டக் கூடாது. கருத்துக்கணிப்பு முடிவும் கூடாது. வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்பை 126ஏ பிரிவு தனியாகத் தடுக்கிறது.

புதியவர்கள் சறுக்குவது திட்டமிட்டு வைத்த பதிவுகளில். இரண்டு நாள் முன்பே நேரம் குறித்து வைத்த வீடியோ, பணம் கட்டிய விளம்பரம், யூடியூப் சேனலுக்குக் கொடுத்த பேட்டி ஆகியவை இந்த 48 மணி நேர அமைதிக் காலத்தில் தானாக வெளியாகும். பிரசாரம் முடியும் நாள் மதியமே ஒவ்வொரு கணக்கையும் திறந்து நிறுத்துங்கள்.

இந்த நேரத்தில் பரபரப்பான எதையும் வெளியிட ஆசை வரும். ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்கு முந்தைய நாள், 2017 டிசம்பர் 20 அன்று, ஜெயலலிதா மருத்துவமனையில் இருக்கும் வீடியோவை, அங்கே போட்டியிட்ட டி.டி.வி. தினகரன் தரப்பின் வெற்றிவேல் வெளியிட்டார். ஒளிபரப்பை நிறுத்தும்படி தேர்தல் அதிகாரிகள் சேனல்களுக்குச் சொன்னார்கள், அவர் மீது வழக்கும் பதிவானது. தினகரன் மறுநாள் வாக்குப்பதிவில் பெரிய வித்தியாசத்தில் வென்றார் என்பதைச் சுட்டி, "அது போல நாமும்" என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். வழக்கு உங்கள் வேட்பாளர் மீது வரும் என்று பதில் சொல்லுங்கள்.

எதிர்த்தரப்பு கடைசி இரவில் எதையாவது கிளப்பினால், சேனலுக்குப் போக வேண்டாம். பூத் பொறுப்பாளர்களுக்கு மூன்று வரியில் உண்மையை அனுப்புங்கள், அலுவலரிடம் புகார் கொடுங்கள்.

12. வாக்குப்பதிவுக்குப் பிறகும் ஒரு வேலை

முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் தேர்தல் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். எம்.சி.எம்.சி. சான்றுகள், விளம்பர பில்கள், சமூக ஊடக நிறுவனங்களுக்குக் கட்டிய ரசீதுகள், சி-1 வெளியீடுகள் வந்த நாளிதழ்ப் பக்கங்கள், அவற்றை வெளியிட்டதாகக் கொடுக்கும் சி-4 அறிக்கை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். பிரசாரத்தின்போது செலவினப் பதிவேட்டை அலுவலர்கள் குறைந்தது மூன்று முறை சரிபார்ப்பார்கள். ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் முந்தைய நாள் ஊடக பில்களைக் கணக்கர் கையில் சேர்த்துவிட்டால் கடைசியில் தேட வேண்டியிருக்காது. தோற்ற வேட்பாளரின் அலுவலகத்தில் மறுநாளே ஆள் இருக்க மாட்டார்கள், பில்லும் ரசீதும் குப்பையோடு போய்விடும். அதனால் அந்தக் கோப்பை வாக்கு எண்ணிக்கைக்கு முன்பே வக்கீலிடம் கொடுத்து வையுங்கள்.